ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு பிசியோதெரபி: கடலூர், புதுவைப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

"பேச்சு எப்ப வரும்?" ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்பது இதைத்தான். உடனே ஸ்பீச் தெரபிக்கு ஓடுகிறோம். அப்புறம் ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), அதற்கப்புறம் ஸ்பெஷல் எஜுகேட்டர். பிசியோ என்ற பேச்சே எழுவதில்லை. யாராவது எடுத்துச் சொன்னாலும், "அவன்தான் நிக்காம ஓடுறானே, அவனுக்கு எதுக்குங்க பிசியோ?" என்று பதில் வரும்.

ஓடுவது ஒரு திறமை, ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்பது இன்னொரு திறமை. படியில் ஏறத் தெரிந்த குழந்தைக்கு இறங்கத் தெரியாமல் இருக்கலாம். வருகிற பந்தைப் பார்ப்பான், ஆனால் கை நேரத்துக்கு எழாது. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 16,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி அவர்களுடைய பெற்றோரிடம் திரட்டிய தகவல்களை ஆய்வாளர் அஞ்சனா பட் 2020இல் வெளியிட்டார். அதில் சுமார் 87 சதவீதக் குழந்தைகளுக்கு உடலசைவு ஒருங்கிணைப்பில் சிக்கல் இருக்க வாய்ப்பு தெரிந்தது. அவர்களில் பிசியோ கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான். அங்கேயே அப்படி என்றால் பண்ருட்டியிலும் பாகூரிலும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபி ஆட்டிசத்தைக் குணப்படுத்தாது. கை தட்டுவதையோ, சுற்றிச் சுற்றி வருவதையோ நிறுத்துவது பிசியோதெரபிஸ்டுகளான எங்கள் வேலையும் இல்லை. அந்தக் குழந்தை பஸ் ஏற வேண்டும், பள்ளி பெஞ்சில் சாயாமல் உட்கார வேண்டும், மற்ற பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தானும் போய் நிற்க வேண்டும். அதற்குத் தேவையான பலம், சமநிலை, ஒருங்கிணைப்பு ஆகியவற்றை வளர்ப்பதுதான் வேலை. இதைத் தாண்டி வாக்குறுதி தருகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

முதல் படி: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

எங்கேயும் போவதற்கு முன் ஒரு வாரம் குழந்தையின் உடம்பை மட்டும் கவனியுங்கள். பேச்சு, கண் பார்த்துப் பேசுவது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். குதிகால் தரையில் படுகிறதா, நுனிக்காலிலேயே நடக்கிறானா? தரையில் உட்காரும்போது இரண்டு காலையும் வெளிப்பக்கம் மடித்து விரித்து உட்காருகிறாளா? சாப்பிடும்போது சுவரிலோ உங்கள் மேலோ சாய்ந்துகொண்டே இருக்கிறாளா? தூக்கினால் கைக்குள் நழுவுகிற மாதிரி தளர்வாக இருக்கிறதா? படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைக்கிறானா? சட்டையில் கை நுழைக்கவே திணறுகிறானா?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தோராயக் கணக்கு: இரண்டு வயதை ஒட்டி இரு காலும் சேர்த்துக் குதிக்க வரும். மூன்றில் மூன்று சக்கர சைக்கிள் மிதிக்கும், ஒரு நொடியாவது ஒற்றைக் காலில் நிற்கும். நான்கில் நொண்டி அடிக்கப் பார்க்கும். ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே ஆவதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று நான்கு விஷயங்கள் சேர்ந்து பின்தங்கினால் குறித்து வையுங்கள். நீண்ட வீடியோ தேவையில்லை. நடப்பது, படி இறங்குவது, தரையிலிருந்து எழுவது என்று மூன்று சின்ன கிளிப் போதும். புது இடத்தில் குழந்தை மிரண்டு ஒன்றுமே செய்யாமல் நின்றாலும் தெரபிஸ்டுக்கு அந்த வீடியோ கை கொடுக்கும்.

இரண்டாம் படி: பிசியோவுக்கு முன் டாக்டர்

எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. கீழே சொல்கிறவற்றில் ஏதாவது தெரிந்தால் பயிற்சியை ஆரம்பிக்காமல் முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்: 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் குறைவாகப் பயன்படுத்துகிறது, வந்த திறமை மறைந்துபோகிறது, வலிப்பு வந்திருக்கிறது, நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று நொண்டுகிறது. தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறுகிற பையன், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிற பையன், இவர்களைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். அது தசை நோயாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் துப்பு கிடைத்துவிடும்.

வலி தெரிந்தாலும் சொல்லத் தெரியாத குழந்தைகள் இவர்கள். "திடீர்னு முரண்டு பிடிக்கிறான்" என்று அழைத்து வந்தால், பல் வலி, மலச்சிக்கல், காலில் முள் என்று ஏதாவது இருக்கலாம்.

மூன்றாம் படி: எங்கே போவது

அரசு வழியில் ஆரம்பிப்பதே நல்லது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரையான பிள்ளைகளுக்குப் பரிசோதனை உண்டு. இந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வரும். வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எல்லோரும் டி.இ.ஐ.சி. என்றுதான் சொல்வார்கள். டாக்டர், பிசியோ, ஸ்பீச், உளவியலாளர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதுதான் அதன் நோக்கம். கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனையில் விசாரிக்கலாம். சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பழைய ராஜா முத்தையா என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் எந்த மாநிலத்தவரும் போகலாம். குழந்தைகள் பிரிவும் மறுவாழ்வு மருத்துவப் பிரிவும் அங்கே உண்டு. எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் பக்கத்தில்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும் வழியில் முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம். வாரா வாரம் போக முடியாது. ஒரு முறை போய் முழு மதிப்பீடு எடுத்து வந்து, ஊர் தெரபிஸ்டிடம் அதைக் காட்டித் தொடரலாம். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் உங்கள் வட்டார வள மையத்தில் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியரும் பிசியோவும் உண்டு. கேட்டால்தான் தெரியும்; கேட்காமல் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

தனியார் மையத்தில் சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பிசியோதெரபி பட்டமான பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்தவர்தான் பார்க்கிறாரா? குழந்தைகளோடு எத்தனை வருடம் வேலை செய்திருக்கிறார்? பயிற்சி நடக்கும்போது நான் உள்ளே இருக்கலாமா? மூன்றாவது கேள்விக்கு "வேணாம்மா, அம்மா இருந்தா அடம் பிடிப்பான், வெளிய இருங்க, முதல்ல அழுவான், அப்புறம் பழகிடும்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. என் கருத்தில் அந்தப் பதில் ஒன்றே போதும், வேறு இடம் பார்க்க. வாரத்தில் இரண்டு மணி நேரம் தெரபிஸ்ட் செய்வதை மீதி நாளெல்லாம் செய்யப்போவது நீங்கள். நீங்கள் பார்க்காமல் எப்படிக் கற்றுக்கொள்வீர்கள்?

நான்காம் படி: முதல் மதிப்பீடு

நல்ல தெரபிஸ்ட் முதல் நாள் குழந்தையைத் தொடுவதற்கு முன் கொஞ்ச நேரம் அறையில் விட்டுப் பார்ப்பார். பிறகு மூட்டுகளின் தளர்வு, கணுக்கால் எவ்வளவு மேலே மடங்குகிறது, முதுகு வயிற்றுத் தசையின் பலம், சமநிலை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வயதுக்கேற்ற அளவுகோல்களும் உண்டு, பீபாடி, பி.ஓ.டி. போன்ற பெயர்கள் அறிக்கையில் இருக்கும். எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். சொன்னது புரியாததால் செய்யாமல் விட்டதற்கும் அதில் மதிப்பெண் குறையும்.

நீங்கள் சொல்ல வேண்டியவை: எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், எங்கே தொட்டால் பிடிக்காது, என்ன கொடுத்தால் முகம் மலரும், என்ன மருந்து சாப்பிடுகிறான். ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தில் எடை ஏறலாம். பயிற்சித் திட்டத்தில் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வலிப்பு இருந்தால் உயரமான இடம், தண்ணீர் இரண்டிலும் தனி எச்சரிக்கை.

ஐந்தாம் படி: இலக்கை வீட்டிலிருந்து எடுங்கள்

"சமநிலை மேம்பட வேண்டும்" என்பதெல்லாம் இலக்கு இல்லை. அறிக்கையில் எழுத அழகாக இருக்கும், அவ்வளவுதான். "டவுன் பஸ்ஸில் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும்" என்றால் அதற்கு ஒரு வழி போடலாம்.

அதையே எடுத்துக்கொள்வோம். கடலூர் புதுச்சேரி பஸ்ஸின் முதல் படி, சின்னப் பிள்ளையின் முட்டிக்கு மேலே இருக்கும். கண்டக்டர் விசில் அடிப்பார், பின்னால் ஆள் நெருக்குவார்கள், வண்டி நிற்கும் நேரமோ சில நொடிதான். பெரியவர்களே தடுமாறுகிற இடம் அது. ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனுக்கு அங்கே காலின் பலம் மட்டும் பிரச்சினை இல்லை. முதலில் கை கம்பிக்குப் போக வேண்டும், பிறகு ஒரு கால் மேலே, உடம்பு முன்னால் சாய வேண்டும், பிறகுதான் அடுத்த கால். இந்த வரிசையை உடம்பு தானாகப் போட்டுக்கொள்ளாத பிள்ளை கீழேயே உறைந்து நிற்கும். "சொன்னா கேக்கவே மாட்டேங்குறான்" என்று நாம் திட்டுவோம். அவன் கேட்டான், உடம்புக்குத்தான் வழி தெரியவில்லை.

அதனால் வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்கலாம். ஆடாத ஒரு செங்கல் உயரம், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஏறுவது. பழகியதும் இரண்டு செங்கல், அதற்கப்புறம் திண்ணை. ஒவ்வொரு முறையும் அதே மூன்று சொல்: "பிடி. ஏறு. நில்லு." மூன்றுக்கு மேல் வேண்டாம், நாளுக்கொரு சொல்லாக மாற்றவும் வேண்டாம். முதலில் கடைசி அசைவை மட்டும் அவனிடம் விடுங்கள்: நீங்கள் தாங்கி ஏற்றி, இரண்டாவது காலை மட்டும் அவனே எடுத்து வைக்கட்டும். முடித்த சந்தோஷம் அவனுக்கே கிடைக்கும். பிறகு ஒவ்வொரு அசைவாகப் பின்னோக்கி அவன் கைக்கு மாற்றுங்கள். விசில் சத்தத்தை போனில் பதிந்து, அவன் விளையாடும்போது மிக மெல்லிசாகப் போட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். காதைப் பொத்தினால் மறுபடி குறையுங்கள். பிறகு மதியம் கூட்டமில்லாத நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் காலியாக நிற்கும் வண்டி. "அண்ணே, பையன் ஒரு தடவை ஏறி இறங்கிக்கட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கடைசியாக ஒரே ஒரு ஸ்டாப் பயணம்.

இப்படி எடுத்தால் பலம், சமநிலை, திட்டமிடல், சத்தத்தைத் தாங்குவது எல்லாம் ஒரே கயிற்றில் கோத்து வரும். ஒரு சமயத்தில் இரண்டு இலக்குக்கு மேல் வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டில் தினமும் இருபது நிமிடம்

மையத்தில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அமர்வு. மீதி வீட்டில். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாக இரண்டு வேளை வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பாய். பாயை விரித்தாலே அடுத்து என்ன என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

எப்போது முடியும் என்று தெரியாததுதான் பல பிள்ளைகளுக்கு ஆத்திரம் தருகிறது. அதற்கு ஒரு எளிய வழி. ஒரு கிண்ணத்தில் ஐந்து துணி கிளிப் போடுங்கள். ஒரு முறை செய்ததும் ஒரு கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்ட வேண்டும். கிண்ணம் காலியானால் பயிற்சி முடிந்தது. இதில் ஏமாற்றவே கூடாது. "நல்லா பண்றானே, இன்னும் ரெண்டு" என்று ஆசைப்பட்டுக் கூடுதல் கிளிப் போட்டால் மறுநாள் பாயையே பார்க்க மாட்டான். கிளிப்பை அழுத்தி மாட்டுவதில் விரலுக்கும் பயிற்சி ஆகிறது. புளியங்கொட்டை, கோலி வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

என்ன செய்வது? விலை உயர்ந்த பந்தும் ட்ராம்போலினும் இல்லாமலே வீட்டில் நிறைய இருக்கிறது. ஈரத்துணியை இரண்டு கையாலும் அழுத்தி மண்டியிட்டுத் தரை துடைப்பது தோளுக்கும் வயிற்றுக்கும் நல்ல வேலை. நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அடுப்படியிலிருந்து கூடம் வரை கொண்டு வருவது, பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளுவது, பாயைச் சுருட்டுவது. இப்படிச் சுமக்கிற, தள்ளுகிற வேலைக்குப் பின் சில பிள்ளைகள் நிதானமாக உட்காருவதைப் பார்க்கலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. உங்கள் பிள்ளைக்கு ஆகிறதா என்று பாருங்கள். தவளைத் தாவல், நண்டு நடை, சாக்பீஸ் கோட்டின் மேல் நடப்பது, தோப்புக்கரணம், இரண்டு மூன்று கட்டம் மட்டும் போட்ட பாண்டி. தோப்புக்கரணத்தை மட்டும் ஒருபோதும் தண்டனையாகக் கொடுத்துவிடாதீர்கள், பயிற்சியும் போய்விடும்.

ஊஞ்சல் பிடிக்கும் பிள்ளைக்கு முன்னும் பின்னும் மெதுவாக ஐந்து நிமிடம். முறுக்கிவிட்டுச் சுற்றுவது வேண்டாம். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

பேசுவது ஒருவராக இருக்கட்டும். பாட்டி ஒரு பக்கம் "குதிடா ராஜா", அத்தை ஒரு பக்கம் "கைய விடு", அப்பா போனை நீட்டி "இங்க பாரு". இத்தனைக்கு நடுவில் எந்தப் பிள்ளைக்கும் கால் எழாது. கையைப் பிடித்து இழுத்துச் செய்ய வைக்காதீர்கள். நீங்கள் செய்து காட்டுங்கள், உங்கள் கையை அவன் கைக்கு அடியில் கொடுங்கள், அவன் வேண்டும்போது பற்றிக்கொள்வான். திரும்பிக்கொண்டால், காதைப் பொத்தினால், உடம்பை விறைத்தால் அது "வேண்டாம்" என்ற பதில். அதை மதித்து இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, பாதியாகக் குறைத்து ஆரம்பியுங்கள்.

நுனிக்கால் நடைக்குத் தனியாக

ஆட்டிசத்தில் இதை அடிக்கடி பார்க்கிறோம். நடக்கத் தொடங்கும் பருவத்தில் எந்தக் குழந்தையும் கொஞ்ச நாள் அப்படி நடக்கலாம். இரண்டு வயது தாண்டியும் தொடர்ந்தால் காட்டுங்கள். கவலை நடையின் அழகைப் பற்றியது இல்லை. குதிகால் தரையில் படாமலே இருந்தால் கெண்டைத் தசையும் பின்னங்கால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரும் சுருங்கிவிடும். அதற்கப்புறம் குழந்தை நினைத்தாலும் குதிகால் இறங்காது.

பிள்ளை மடியில் சாய்ந்து காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இதற்குத் தோது. முட்டியை நீட்டி வைத்து, ஒரு கையால் குதிகாலை உள்ளங்கையில் அடக்கிப் பிடியுங்கள். உங்கள் முன்கையைப் பாதத்தோடு ஒட்டி மெதுவாக மேல்நோக்கிச் சாயுங்கள். இழுவிசை தெரியும் இடத்தில் நிறுத்தி முப்பது நொடி, ஒரு காலுக்கு மூன்று முறை. விரல் நுனியைப் பிடித்து மடக்கக் கூடாது, பாதத்தின் நடுப்பகுதி வளைந்துவிடும். துள்ளித் துள்ளி இழுப்பதும் கூடாது. முதல் முறை தெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டி, அவர் சரி என்ற பிறகே வீட்டில் செய்யுங்கள்.

மேட்டில் ஏறி நடந்தால் குதிகால் தானே இறங்கும். நம் ஊர் சமதளம். கேப்பர் மலைச் சாலை மாதிரி ஏற்றம், இல்லாவிட்டால் ஏதாவது சாய்தளம் பாருங்கள். முட்டி நீட்டிய நிலையில் பாதம் செங்கோணம் வரைகூட மடங்கவில்லை என்றால் பயிற்சி மட்டும் போதாது. தொடர் மாவுக்கட்டு, கணுக்கால் பட்டை என்று எலும்பு மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: வெளியே

கடல் பக்கத்தில் இருப்பது நமக்கு வரம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் சின்னத் தசைகளுக்கெல்லாம் வேலை. ஆனால் மணல் பட்டாலே சிலிர்க்கிற பிள்ளையை நேராக இறக்கினால் இன்னும் நுனிக்காலில்தான் நிற்கும். முதல் நாள் செருப்போடு, பிறகு ஈரமான கெட்டி மணல், கடைசியில்தான் புதைகிற மணல். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். நடக்க, காலால் உதைத்து ஓட்டும் குழந்தைகள் ஸ்கூட்டர் ஓட்ட நல்ல இடம், ஆனால் சனி ஞாயிறு கூட்டம் தாங்காது. வார நாளில், விடிகாலையில் போங்கள். மாசி மகத்தன்று கடற்கரைப் பக்கமே பயிற்சி வேண்டாம்.

வெயிலில் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை வேண்டாம். தாகத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் கேட்காமலே கால் மணிக்கு ஒரு முறை தண்ணீர் கொடுங்கள்.

தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் கண் அசந்த நேரத்தில் வெளியே போய்விடுவார்கள், அவர்களில் பலரைத் தண்ணீர்தான் இழுக்கும். அப்படிப் போகும் பிள்ளைகளுக்கு உயிராபத்து பெரும்பாலும் நீரில் மூழ்குவதால்தான் வருகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கடலூர் மாவட்டத்தில் குளம், வாய்க்கால், மணல் அள்ளிய பள்ளம் எல்லாம் நிரம்பிக் கிடக்கும். கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள், பையில் போன் நம்பர், அக்கம்பக்கத்தாருக்கு விவரம், இவை இல்லாத வீட்டில் பயிற்சியைவிட முதலில் இதைச் செய்யுங்கள். நீச்சலும் கற்றுக்கொடுங்கள். ஒருவருக்கு ஒருவர் என்று சொல்லித்தரும் ஆள் இருக்கும் குளத்தில்தான், கடலில் வேண்டாம். கற்ற பிறகும் கண்ணை எடுக்கக் கூடாது.

எட்டாம் படி: பள்ளியும் காகிதங்களும்

பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள். கால் தரையில் படுகிற உயரத்தில் இருக்கை. எட்டாவிட்டால் காலுக்கடியில் ஒரு பலகை. பி.டி. பீரியடில் ஓரமாக உட்கார வைக்காமல் பந்து எடுத்துப் போடுவது, ரிலேயில் ஒரு சுற்று என்று ஏதாவது ஒரு பங்கு. ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் சராசரி 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஆட்டிசத்துக்கு விலக்கு இல்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிடுங்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நலத்திட்டங்கள் தமிழ்நாட்டில் ஒரு விதம், புதுச்சேரியில் ஒரு விதம். ஆதாரில் ரெட்டிச்சாவடி முகவரி, குடியிருப்பது முதலியார்பேட்டை என்றால் இரண்டு பக்கமும் அலைய நேரும். அதை முதலில் சரி செய்யுங்கள்.

பணம் போகக் கூடாத இடமும் இருக்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. குழந்தையை அமைதிப்படுத்தும் என்று விற்கிற, எடை வைத்துத் தைத்த மேலங்கிக்கும் ஆதாரம் பலவீனம்தான். இதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: மூன்று மாதத்தில் திரும்பிப் பாருங்கள்

முதல் வாரம் எடுத்த அதே மூன்று வீடியோ கிளிப்பை, அதே இடத்தில் மறுபடி எடுத்து தெரபிஸ்டோடு உட்கார்ந்து பாருங்கள். இலக்கு எட்டியிருந்தால் அடுத்தது. பாதி வந்திருந்தால் தொடருங்கள். அசைவே இல்லை என்றால் பயிற்சியை மாற்றச் சொல்லுங்கள், அமர்வைக் கூட்டச் சொல்லாதீர்கள். பிள்ளை மையத்தின் வாசலைக் கண்டதும் அழுகிறது, மூன்று மாதம் ஆகியும் அது மாறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். வருடக்கணக்கில் ஓயாமல் ஓட வேண்டிய சிகிச்சையும் இல்லை இது. சைக்கிள் ஓட்டவோ தெருப் பிள்ளைகளோடு விளையாடவோ ஆரம்பித்துவிட்டால் சில மாதம் இடைவெளி விடலாம். பள்ளி மாறும்போதும், பதின்ம வயதில் மளமளவென்று வளரும்போதும் மறுபடி ஒரு மதிப்பீட்டுக்கு அழைத்து வந்தால் போதும்.